எல்லா டம்ளரும் ரோஸான நாள்

பேருந்தில் அவர் ஏறினால் பைதான் முதலில் பேசும். உள்ளே கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் இருப்பவர், "டீக்கடை வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிடுவார்.

"எங்க வீட்டுக்காரர் வச்சிருக்கார்" என்பார் அவர்.

அது பொய்யில்லை. அரசு மருத்துவமனைக் கேன்டீனை எடுத்து நடத்துபவர் அவர் கணவர். விளிம்பு தேய்ந்து, இனி வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது என்று ஒதுக்கப்பட்ட டம்ளர்கள்தான் அந்தப் பையில் இருப்பவை. அவற்றுக்கு இப்போது வேறு உத்தியோகம்.

அதே மருத்துவமனையில், மருந்துக் கிடங்கைத் தாண்டினால், பெயர்ப்பலகை இல்லாமல் எண் மட்டும் எழுதிய ஓர் அறை இருக்கிறது. பால்வினை நோய்ப் பிரிவு. அவர் அங்கே ஆலோசகர். வருகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். உள்ளே வந்ததும், "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினை" என்று ஆரம்பிப்பார்கள்.

"சரி, ஃப்ரெண்டை உட்காரச் சொல்லுங்க" என்று எதிர்நாற்காலியைக் காட்டுவார் ஆலோசகர். ஆள் சிரித்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

வருகிறவர்களில் பலர், "இதெல்லாம் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா..." என்று இழுப்பார்கள். அந்த இழுவையைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் பள்ளிகளுக்குப் போக ஆரம்பித்தார். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். வெறும் பேச்சாகச் சொன்னபோது அவர்கள் மேசையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஆகவே டம்ளர்கள் வந்தன.

விளையாட்டு எளிது. ஆளுக்கு ஒரு டம்ளர், பாதித் தண்ணீர். ஒரே ஒரு டம்ளரில் மட்டும் யாருக்கும் தெரியாமல் சலவை சோடா கரைந்திருக்கும். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான். பிள்ளைகள் எழுந்து நடந்து, விருப்பப்பட்டவரோடு தண்ணீரை ஊற்றிக் கலந்து பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சிலர் யாரோடும் கலக்க மாட்டார்கள், காத்திருப்பவர்கள். இரண்டு பேர் தங்களுக்குள் மட்டும் கலந்துகொள்வார்கள். சிலருடைய டம்ளருக்கு பிளாஸ்டிக் மூடி உண்டு. அவர்கள் டம்ளரோடு டம்ளர் முட்டலாம், தண்ணீர் மாறாது. அந்த மூடிதான் ஆணுறை. கடைசியில் ஆலோசகர் ஒவ்வொரு டம்ளரிலும் காரம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீனில் ஒரு சொட்டு விடுவார். சோடா போய்ச் சேர்ந்த டம்ளரெல்லாம் பளீரென்று ரோஸ் நிறமாகும். சற்றுமுன் சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு அப்போது டம்ளர்களைச் சுற்றிக் குவியும். முகத்தைப் பார்த்தால் தெரியாது, வலி இருக்காது, வெளியே ஒன்றும் காட்டாது, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று அவர் அரைமணி நேரம் பேசினாலும் ஏறாதது ஒரு சொட்டில் ஏறிவிடும்.

பிள்ளைகள் முதலில் வைத்த பட்டப்பெயர் 'தண்ணி மிஸ்'. ஒரு பள்ளியில் அது நிர்வாகத்தின் காதில் விழுந்து, யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விசாரணையே நடந்தது. அதன்பின் 'ரோஸ் தண்ணி மிஸ்' ஆனார்.

இனி ஒரு பெண்ணைப் பற்றி.

அவளுக்குப் பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்று, அம்மாவிடமிருந்து வந்தது. பெற்றோர் இருவரும் இல்லை. அத்தை வளர்க்கிறார், அத்தை தையல்காரர். இரண்டாம் வகுப்புப் படிக்கையில் முதல்முறையாக அந்த எண் அறைக்கு வந்தவள், மருந்துத் திரவம் கசக்கிறது என்று டாக்டரிடமே வாதாடி, "நீங்க குடிச்சுக் காட்டுங்க, அப்புறம் நான் குடிக்கிறேன்" என்று அவரை ஒரு சொட்டு நக்கவைத்தாள். அன்றிலிருந்து பிரிவில் அவள் பெயர் 'வக்கீல்'. மாதம் ஒரு சனிக்கிழமை வருவாள், மாத்திரை வாங்குவாள், ஆலோசகரின் மேசையில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுப் போவாள். ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டு, ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை என்று வருடா வருடம் முடிவு வாங்கியவள். அவளிடமிருந்து இன்னொருவருக்கு அது பரவாது. இது டாக்டருக்கும், ஆலோசகருக்கும், அத்தைக்கும், அவளுக்கும் தெரியும். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

தெரியாமல் இருப்பதற்கு அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே நோயாளியைப் பார்த்தால், அவர்களாகப் பேசாதவரை, முன்பின் தெரியாதவர்போல் கடந்துவிட வேண்டும். ஆலோசகர் இதில் கைதேர்ந்தவர். மாடிவீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் தன் நோயாளி என்று தெரிந்ததும், கணவர் கேட்டதற்கு, "யாரோ புதுசா வந்திருக்காங்க, நல்லவரா தெரியுது" என்று சொல்லிவிட்டுக் காய்கறி நறுக்கப் போய்விட்டவர்.

ஆகவே, புதிதாக அனுமதி கிடைத்த ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, மூன்றாவது பெஞ்சில் வக்கீல் உட்கார்ந்திருப்பதைக் கண்டபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் முகத்திலும் இல்லை. இருவரும் அதில் நல்ல பயிற்சி பெற்றவர்கள்.

அந்த அனுமதியே லேசில் கிடைத்ததல்ல. தலைமையாசிரியர் பழைய கணக்கு வாத்தியார். "தொற்று நோய் விழிப்புணர்வுன்னு மட்டும் போர்டுல எழுதுங்க. மத்ததையெல்லாம் சொல்லாம சொல்லிடுங்க" என்றார்.

"சொல்லாம எப்படி சார் சொல்றது?"

"அது உங்க திறமை."

உயிரியல் டீச்சர் பின்வரிசையில் உட்கார்ந்தார். இனப்பெருக்கப் பாடம் வந்தால், "இதை வீட்லயே படிச்சுக்குங்க, ஈசியாத்தான் இருக்கும்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுபவர். பிள்ளைகள் வாயாலேயே ஆலோசகருக்கு இது பிறகு தெரிந்தது.

அன்று விளையாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. 'மைக்' என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பையன், பெயருக்கேற்ற குரல், டம்ளரைத் தூக்கிக்கொண்டு வகுப்பு முழுவதும் சுற்றி, "கலக்குறியா? கலக்குறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். வக்கீல் மட்டும் எழவில்லை. தன் டம்ளரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் மாத்தல" என்றாள்.

ஆலோசகர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். அவளை அதிகம் பார்த்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

பிறகு சொட்டு விட்டார். முதல் டம்ளர் ரோஸ். இரண்டாவதும் ரோஸ். மூடி போட்டதும் ரோஸ். தங்களுக்குள் மட்டும் கலந்துகொண்ட இரண்டும் ரோஸ். இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் கை அடுத்த டம்ளருக்குப் போனது. வக்கீலின் டம்ளர். அது எல்லாவற்றையும்விட ஆழமான ரோஸ்.

மைக் மேசையைத் தட்டினான். "டேய், யார்கிட்டயும் மாத்தாதவளுக்கே வந்திருக்குடா. அப்ப இவகிட்டதான் முதல்லயே இருந்திருக்கு. இவதான் ஃபர்ஸ்ட்."

"ஐயோ, என் பக்கத்துல வராத" என்று ஒருத்தி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள். விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். "மூடி போட்டாலும் வரும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் வரும். அப்ப எதுக்குடா இந்தப் பாடம்?" என்று இன்னொரு குரல்.

வக்கீல் ஆலோசகரை நேராகப் பார்த்தாள். ஆலோசகரோ வகுப்பு முழுவதையும் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், அவளைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்தார். "ஏதோ தப்பு நடந்திருக்கு, இருங்க, இருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வெளியேறினாள்.

வீட்டில் ஆலோசகர் பையை இறக்கி வைத்தபோது கேன்டீன்காரக் கணவர் ஆவலாக வந்து நின்றார்.

"எப்படி, டம்ளரெல்லாம் பளபளன்னு இருந்துச்சா?"

"என்ன பண்ணீங்க?"

"நேத்து ராத்திரி நீ அசதியா தூங்கிட்டியேன்னு நான் கழுவி வச்சேன். ஒரே மங்கலா இருந்துச்சு. நீ சும்மா தண்ணியில அலசுறே, அதெல்லாம் கறை போகாது. நம்ம கேன்டீன் முறையில சோடாத் தண்ணியில ஊறப்போட்டுட்டேன்."

"அலசினீங்களா?"

"ஒரு முங்கு."

ஆலோசகர் ஒரு டம்ளரை எடுத்துக் குழாய்த் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு விட்டார். ரோஸ். கேன்டீன்காரர் குனிந்து பார்த்தார். "அழகாத்தானே இருக்கு" என்றவர், மனைவி முகத்தைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "கெடுத்துட்டேனா?"

"ஒரு பொண்ணு மனசு நொந்து போயிட்டா."

"யாரு?"

"ஒரு பொண்ணு."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. இந்த வீட்டில் எந்தக் கேள்வியோடு நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். டம்ளர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப அலசினார். இனி அலசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மனைவி சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை வக்கீல் வரவில்லை. அத்தை மட்டும் வந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு, கடையைப் பாதியில் விட்டுவிட்டு.

"மாத்திரையைக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன். ஆனா வாங்கிட்டுப் போய் என்ன பண்றது? முழுங்க மாட்டேங்குறா."

"எப்பலேருந்து?"

"உங்க கிளாஸ் நடந்த அன்னையிலேருந்து. என்னடி ஆச்சுன்னு கேட்டா, 'அவங்களையே போய்க் கேளு. எனக்குத்தான்னு பார்த்து அந்த டம்ளரைக் குடுத்திருக்காங்க. எல்லாரும் கண்டுபிடிக்கட்டும்னு குடுத்திருக்காங்க'ன்னு சொல்றா. எந்த டம்ளருங்க அது?"

ஆலோசகர் நடந்ததைச் சொன்னார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கணவர் டம்ளர் கழுவிய கட்டம் வந்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "ஆம்பளைங்க பாத்திரம் கழுவ வர்ற லட்சணம் இதுதான்" என்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை அவகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன். நம்புவாளா?"

நம்பவில்லை. "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாளாம். ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றால், ரோஸ் தண்ணி மிஸ் இந்த வீட்டுக்கு எதற்கு வந்தார் என்று அந்தத் தெரு கேட்கும். பள்ளி வாசலில் நிறுத்திப் பேசவும் முடியாது. டாக்டர் மருந்துக் குறிப்பைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"விட்டு விட்டுப் போட்டா கிருமி மறுபடி ஏறும். மருந்துக்குப் பழகிடவும் செய்யும். அப்புறம் இந்த மாத்திரை கேட்காது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கம்மா."

சொல்லித் தீராது, காட்டித்தான் தீரும் என்று ஆலோசகருக்குப் பட்டது. திங்கட்கிழமை காலையே தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றார்.

"மறுபடியுமா?" என்றார் அவர். "ஏற்கெனவே ஒரு அப்பா வந்து, 'என் பையன் மூடி போட்டும் பிரயோஜனம் இல்லைன்னு சொல்றான், என்ன சார் பாடம் நடத்துறீங்க'ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். எந்த மூடின்னு கேட்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துப்போச்சு."

"அதுக்காகத்தான் சார் வந்தேன். தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். ஆணுறை போட்டாலும் பயனில்லைன்னு ஒரு வகுப்பே நினைச்சுக்கிட்டிருக்கு. திருத்த ஒரு பீரியட் குடுங்க."

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "தப்பான விடையை போர்டுல விட்டுட்டு நான் எந்த வகுப்பையும் விட்டு வெளியே வந்ததில்லை" என்றார். "வியாழக்கிழமை கடைசி பீரியட் எடுத்துக்குங்க."

வியாழக்கிழமை கேன்டீன்காரரும் கூடவே கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

"நான் என்ன சொல்லணும்?"

"நடந்ததை."

"பொண்ணுங்க எல்லாம் இருக்குமே."

"டம்ளர் கழுவினதைச் சொல்றதுக்கு என்ன வெட்கம்?"

வகுப்பில் அவர் டம்ளர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, பெரிய அதிகாரியிடம் நிற்பவர்போல் கைகட்டி நின்றார். "பிள்ளைங்களா, அன்னைக்கு எல்லா டம்ளரும் கலர் மாறினது என்னாலதான். உங்க மிஸ் ஒரு டம்ளர்லதான் சோடா போட்டாங்க. நான் அதுக்கு முன்னாடியே எல்லாத்துலயும் போட்டுட்டேன். சுத்தமா இருக்கணும்னு ஊறவச்சேன், சரியா அலசல. எந்த டம்ளர் யார் கைக்குப் போச்சோ, அதுக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் டீக்கடைக்காரன், எனக்குத் தெரிஞ்ச முறையில கழுவிட்டேன்."

"சார், அப்ப உங்க கடை டீயும் ரோஸா இருக்குமா?" என்றான் மைக்.

"வந்து குடிச்சுப் பாரு. உனக்கு மட்டும் ஸ்பெஷலா ஊறவச்சுத் தர்றேன்."

சிரிப்பு அடங்கியபின் ஆலோசகர், அவரவர் டம்ளரை அவரவரே குழாயடியில் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். வக்கீல் கடைசியாக வந்தாள். அவள் டம்ளரில் தண்ணீர் மணிமணியாக ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரம் கழுவினாள் என்று தெரியவில்லை. நேராக மேசைக்கு வந்து, பாதித் தண்ணீரோடு டம்ளரை வைத்தாள்.

"விளையாட்டு அப்புறம். முதல்ல இதுல சொட்டு விடுங்க."

இம்முறை ஆலோசகர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொட்டு விட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அவள் டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மைக் தலையைச் சொறிந்தான். "சாரிப்பா. அன்னைக்கு ஓவராப் பேசிட்டேன்" என்றான், அவனுக்கு இருக்கும் குரலிலேயே சின்னக் குரலில்.

அதன்பின் ஆலோசகரே எல்லா டம்ளரிலும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், ஒன்றில் மட்டும் ரகசியமாகச் சோடாவோடு; விளையாட்டு ஒழுங்காக நடந்தது. காத்திருந்தவர்களின் டம்ளர் தெளிவாக இருந்தது. மூடி போட்டவர்களுடையதும் அப்படியே. முன்கூட்டியே சோதித்துக்கொண்டு, தங்களுக்குள் மட்டும் கலந்துகொண்ட இருவரும் தப்பித்தார்கள். கேள்விகள் வந்தன. கொசு கடித்தால் வருமா? வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால்? வராது. கழிப்பறையில் உட்கார்ந்தால்? வராது. ஊசியைப் பகிர்ந்துகொண்டால்? எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் வரும். தடுப்பூசி உண்டா? மஞ்சள் காமாலையில் ஒரு வகைக்கும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கொண்டுவரும் கிருமிக்கும் உண்டு. அது பையன்களுக்கும் நல்லது. வலியே இல்லாவிட்டால் எப்படித் தெரியும்? சோதனை. சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் வந்துவிட வேண்டும்; ஜோடியில் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது. விருப்பம் இல்லாமல் ஒருவர் வற்புறுத்தினால்? அது உன் தவறு இல்லை, நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்.

உயிரியல் டீச்சர் பின்வரிசையில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"சரி, முதல் டம்ளர் யாருடையது?" பிள்ளைகள் எப்போதும் கேட்கும் கேள்வி. எல்லோருக்கும் பிடித்த கட்டமும் அதுதான். யார் யாரோடு கலந்தார்கள் என்று பின்னோக்கி விசாரித்துப் பார்த்தார்கள். அது மைக்கின் டம்ளர்.

"எனக்கா?" அவன் சுற்றிலும் பார்த்தான். "நான் ஒண்ணுமே பண்ணலையே மிஸ். குடுத்ததைத்தானே வச்சிருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். பக்கத்துப் பையன் நகர்ந்து உட்காரப் போனான். அப்போது வக்கீல் எழுந்தாள்.

"மிஸ், அவன் டம்ளரை இனிமே என்ன பண்ணுவீங்க?"

"விளையாட்டு முடிஞ்சா பக்கெட்டுல ஊத்திடுவோம்மா."

"டம்ளர்னா ஊத்திடலாம். அவனை எங்க ஊத்துறது?"

ஆலோசகர் கையிலிருந்த சொட்டுக் குப்பியை மேசையில் வைத்தார். இத்தனை பள்ளி, இத்தனை வகுப்பு. ஒவ்வொரு முறையும் யார் முதல் என்று கண்டுபிடித்ததோடு விளையாட்டை முடித்திருக்கிறார். கலக்காதே, மூடு, சோதித்துக்கொள் என்று மற்ற எல்லோருக்கும் வழி சொன்னவர், அந்த முதல் டம்ளர்க்காரருக்கு ஒன்றும் சொன்னதே இல்லை. எண் அறையில் நாள்முழுக்க அவர்களோடுதான் இருக்கிறார். வெளியே வந்தால் அவர்களைப் பக்கெட்டில் ஊற்றியிருக்கிறார்.

வக்கீல் உட்காரவில்லை. "கெமிஸ்ட்ரியில படிச்சோமே. காரத்துல அமிலத்தைச் சேர்த்தா நிறம் போயிடும். லேப்ல வினிகர் இருக்கு."

உயிரியல் டீச்சர்தான் எழுந்தார். அவசரமாகப் போய் பாட்டிலோடு வந்தார், மூச்சு வாங்கியது. ஆலோசகர் அதை மைக்கின் டம்ளரில் ஊற்றினார். ரோஸ் கலங்கியது, வெளுத்தது, மறைந்தது. வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துத் தெளிவான ஒரு டம்ளரில் ஊற்றினார். அது தெளிவாகவே இருந்தது.

"மேகநோய்னு சொல்ற சிபிலிஸ், வெட்டைன்னு சொல்ற கொனோரியா மாதிரி சிலதுக்கு மருந்து எடுத்தா முழுசாவே குணமாகும்" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது. "எச்.ஐ.வி. மாதிரி சிலது உடம்பை விட்டுப் போகாது. ஆனா தினமும் மாத்திரை போட்டா சோதனையில கூட அகப்படாத அளவுக்கு அடங்கிடும். அப்படி அடங்கியே இருந்தா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்குப் பரவாது. அவங்க படிக்கலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம். பக்கத்துல உட்காரலாம்னு நான் தனியாச் சொல்லணுமா? அதுக்கு மாத்திரையே தேவையில்லை, எப்பவுமே உட்காரலாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல."

பிறகு மைக்கின் டம்ளரில் சோடாவைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினார். மறுபடி ரோஸ்.

"மாத்திரையை நிறுத்தினா இதுதான்."

இதைச் சொல்லும்போது அவர் வகுப்பைத்தான் பார்த்தார். வக்கீல் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை எண் அறை திறந்த சிறிது நேரத்தில் அவள் வந்தாள். அத்தை வெளியே நின்றுகொண்டார். வழக்கம்போல் மேசையில் ஏறி உட்காரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க மேல இன்னும் கோபம் போகல."

"சரி."

"சோடா அவர் போட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு. கோபம் அதுக்கு இல்லை. எல்லாரும் சிரிச்சப்போ நீங்க என்னைப் பார்க்கவே இல்லை."

"உன்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிடக் கூடாதுன்னு..."

"தெரியாத ஒரு பொண்ணு அப்படி நின்னிருந்தா பார்த்திருப்பீங்கள்ல? அந்த அளவுக்குப் பார்த்திருந்தாப் போதும்."

உண்மைதான். தெரியாத பெண்ணாக இருந்திருந்தால் ஆலோசகர் ஓடிப்போய்த் தோளில் கை வைத்திருப்பார். தெரிந்தவள் என்பதால்தான் கைவிட்டார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"ஆமாம்மா. பார்த்திருக்கணும்."

வக்கீல் கொஞ்ச நேரம் அவரைக் கலங்க விட்டாள். பிறகு மேசைமேல் இருந்த பஞ்சுப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "போதும், அழாதீங்க. வெளியில பேஷன்ட் நிக்கிறாங்க. உங்களைப் பார்த்தா பயந்து ஓடிடுவாங்க."

"மாத்திரை?"

"வியாழக்கிழமை ராத்திரியே போட்டாச்சு. நேத்தும் போட்டேன். நடுவுல விட்டது விட்டதுதான். டாக்டர் திட்டுவாரா?"

"திட்டுவார்."

"திட்டட்டும். நான் ஒண்ணும் பேசப்போறதில்லை." சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "ரொம்பத் திட்டினா பேசுவேன்."

டாக்டர் திட்டினார். அவள் பேசினாள். கடைசியில் ரத்தம் எடுக்கலாம் என்று முடிவாயிற்று. கிருமி ஏறியிருக்கிறதா, மருந்து இன்னும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். லேப்காரர் ரப்பர் பட்டையைக் கட்டினார். அவள் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, நரம்பு தெரியும்படி விரல்களை மடக்கினாள்.

"அன்னைக்கு வினிகர் நிறைய ஊத்திட்டீங்க" என்றாள் ஆலோசகரிடம். "அதான் சோடா அவ்வளவு தேவைப்பட்டுச்சு. அடுத்த ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி அளவு பார்த்து வச்சுக்குங்க. இல்லைன்னா நடுவுல நிறம் மாறாம நின்னு முழிப்பீங்க."

"ரிசல்ட் வர ரெண்டு வாரமாவது ஆகும்" என்றார் லேப்காரர், ஊசியைப் பிரித்துக்கொண்டே.

"ஆகட்டும்" என்றாள் அவள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. ஊசி இறங்குவதையும், குழாயில் ரத்தம் ஏறுவதையும் புருவம் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரம்பியதும், "இவ்வளவு போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டாள்.